பில்லியர்ட்ஸ் புகழரங்கம்: ஆள் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் ஸ்நூக்கர் பார்லர் பக்கம் ஒதுங்கும் நம்மவர்களிடம், "நம்ம நாட்டுக்கு ஒரு பில்லியர்ட்ஸ் புகழரங்கம் வைத்தால் யாரைச் சேர்ப்பீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கேள்வி முடியும் முன்னே, பில்லியர்ட்ஸிலும் ஸ்நூக்கரிலும் உலகப் பட்டங்களைக் குவித்த பங்கஜ் அத்வானி என்பார்கள். அதில் யாருக்கும் மறுப்பில்லை. தகராறெல்லாம் அடுத்த பெயரில்தான்.

முதல் தவறு, பட்டங்களைக் கூட்டிப் பார்ப்பது. இப்போது பில்லியர்ட்ஸிலேயே புள்ளிக் கணக்கு ஆட்டத்துக்கு ஒரு உலகப் பட்டம், நேரக் கணக்கு ஆட்டத்துக்கு ஒன்று. ஸ்நூக்கரில் ஆறு சிவப்புப் பந்து ஆட்டத்துக்கும் தனிப் பட்டம் உண்டு. வில்சன் ஜோன்ஸ் காலத்தில் இத்தனை வாசல் கிடையாது. 1958-ல் கல்கத்தாவில் ஒன்று, 1964-ல் நியூசிலாந்தில் ஒன்று, அவ்வளவுதான். ஆனால் சுதந்திர இந்தியாவுக்குத் தனிநபர் உலகப் பட்டம் கொண்டுவந்த முதல் ஆள் அவர். இரண்டு என்ற எண்ணை வைத்து அவரைப் பின்வரிசையில் உட்காரவைப்பது அநியாயம்.

அதைவிட மோசமானது, விதியைப் பார்க்காமல் பிரேக்கை, அதாவது ஒரே முறையில் தொடர்ந்து எடுத்த புள்ளிகளை, ஒப்பிடுவது. 1907-ல் இங்கிலாந்தின் டாம் ரீஸ் 4,99,135 புள்ளி எடுத்தார். பாக்கெட் வாயில் இரண்டு பந்துகளை அசையாமல் நிறுத்தி, அதையே வாரக்கணக்கில் தொட்டுத் தொட்டுச் சேர்த்த புள்ளிகள். அந்த உத்தியையே பிறகு தடை செய்தார்கள். 1932-ல் ஆஸ்திரேலியாவின் வால்டர் லிண்ட்ரம் 4,137 எடுத்தார். தன் பந்தால் மற்ற இரண்டு பந்துகளையும் தொடுவதுதான் கேனன்; மெல்லிய கேனன்களை வரிசையாக ஓட்டுவதற்கும் கட்டுப்பாடு வந்தது. நம்ம கீத் சேத்தி 1992-ல் எடுத்த 1,276, பாட் மட்டுமே போட்டு (பந்தைக் குழியில் தள்ளி) ஓட்ட விடாத மூன்று-பாட் விதியின் கீழ் வந்தது. மூன்றையும் ஒரே பட்டியலில் போட்டால் சேத்தி கடைசியில் நிற்பார். என்னைக் கேட்டால் மூன்றில் அதுதான் கடினமான ஆட்டம்.

ஆளின் குணத்துக்கு மார்க் போடுவதும் வேண்டாம். மைக்கேல் ஃபெரேரா 1981-ல் பத்மஸ்ரீயை வாங்க மறுத்தார். கவாஸ்கருக்குப் பத்மபூஷண், எனக்கு மட்டும் இதுவா என்பது அவர் கேள்வி. இதைத் திமிர் என்பவர்கள் உண்டு. 1977-லேயே பில்லியர்ட்ஸ் உலகப் பட்டம் வென்று, 1981, 1983 என்று மேலும் இரண்டு முறை வென்ற ஆள் கேட்டால் என்ன குற்றம்?

ஆட்டக்காரர்களோடு கதவைச் சாத்திவிடுவது இன்னொரு பழக்கம். 1966-ல் தொடங்கிய அமெரிக்கப் புகழரங்கத்தில் ஆட்டத்துக்குத் தொண்டு செய்தவர்களுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. இங்கே அத்வானியை உருவாக்கிய பயிற்சியாளர் அரவிந்த் சவூர் பெயரை எத்தனை பேர் சொல்வார்கள்? கிளப் மார்க்கர்களையும் சேர்க்கலாம். மேஜைத் துணியை ஒரே திசையில் பிரஷ் பண்ணி, இஸ்திரி போட்டு, ஸ்கோர் சொல்லிக்கொண்டே அடுத்தவன் நிற்கும் நிலையைத் திருத்திவிடுகிற ஆட்கள் அவர்கள்.

பெண்களுக்கு 'ஒரு இடம் கொடுத்துடலாம்' என்ற பேச்சும் எரிச்சலூட்டும். அரசு அலுவலக வேலையில் இருந்துகொண்டு, முப்பது வயதையொட்டி கப்பன் பார்க் செயலக கிளப்பில் கியூ பிடித்த உமாதேவி, 2012-ல் பெண்கள் பில்லியர்ட்ஸ் உலகச் சாம்பியன். அந்தப் பெயர் சலுகையில் வர வேண்டியதில்லை.

முதல் ஆண்டுப் பட்டியலைப் பழைய தலைமுறையில் தொடங்குவதே சரி. 1984-ல் டப்ளினில் அமெச்சூர் ஸ்நூக்கர் உலகப் பட்டம் வென்ற ஓம் அகர்வால், பத்தே ஆண்டில் இறந்துபோனார். அவர் ஆட்டத்தை நேரில் பார்த்தவர்கள் இருக்கும்போதே அவர் பெயரை முடிவு செய்துவிடலாம். இன்று ஆடுகிறவர்கள் கொஞ்சம் காத்திருக்கட்டும்.