கோணமலைக்கு ஏறுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளியூர்களிலிருந்து திருகோணமலைக்கு வருவோரில் பெரும்பாலோர் கோணேசர் கோயிலைத் தரிசித்துவிட்டுத் திரும்புகிறார்களே ஒழிய, கோணமலையைப் பார்ப்பதில்லை. கோட்டை வாசலுக்குள் நுழைந்த வாகனம் நேரே மேட்டில் ஏறிக் கடைகளின் அருகில் நிற்கிறது, அர்ச்சனை முடிகிறது, இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவின் அருகில் ஒரு படம் எடுக்கப்படுகிறது, அரை மணி நேரத்தில் வாகனம் நிலாவெளியையோ கன்னியா வெந்நீர் ஊற்றையோ நோக்கிப் புறப்பட்டுவிடுகிறது. இந்த ஊரில் பிறந்து, சிறு வயது முதல் மாலை நடைக்கு அந்த மலைப்பாதையையே நாடி வந்தவன் என்ற முறையில், வருவோர் அறியாமல் செய்யும் தவறுகளை இங்கு எழுதுகிறேன். மலையைக் கோயிலுக்கு ஓர் அடித்தளம் என்று மட்டும் கருதிவிடுவதுதான் இவற்றுள் முதன்மையானது. வரலாற்றைப் பிழையாக விளங்கிக்கொள்வது முதல் மான்களுக்குத் தீங்கு செய்வது வரை மற்றவற்றுள் பலவும் அதிலிருந்தே கிளைக்கின்றன.

முதலில் பெயரைப் பார்ப்போம். இந்தக் குன்றைச் சுவாமி மலை என்று வழங்குவதுண்டு. இணையத்தில் அந்தப் பெயரைத் தேடினால் கும்பகோணத்துக்கு அருகிலுள்ள முருகன் தலமான சுவாமிமலை பற்றிய செய்திகளே முன்னால் வரும். இரண்டையும் ஒன்றாக்கி எழுதப்பட்ட குறிப்புகளை நானே கண்டிருக்கிறேன். அதேபோல ஊர்ப்பெயரைத் 'திரிகோணமலை' என்று எழுதி, மூன்று மூலைகளையுடைய மலை என்று பொருள் சொல்வோரும் உளர். 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருஞானசம்பந்தர் தம் பதிகத்தில் 'கோணமாமலை' என்றே பாடியுள்ளார். 'திரு' அந்தப் பெயருக்கு முன் வந்த அடைமொழியாகும். பாளி நூல்களில் கோகண்ணம் என்றும், சைவ மரபில் தட்சிண கைலாயம் என்றும் இத்தலம் வழங்கப்படுகிறது. சம்பந்தர் இங்கு நேரில் வந்து பாடினார் என்று சிலர் விளக்குவதும் பொருந்தாது. அவர் இராமேச்சரத்தில் இருந்தவாறே கடலுக்கு அப்பாலுள்ள கோணமாமலையைப் பாடினார் என்பதே பெரியபுராணம் தரும் செய்தி. இலங்கையில் தேவாரப் பதிகம் பெற்ற தலங்கள் திருக்கேதீச்சரமும் திருக்கோணமலையும் ஆகிய இரண்டே.

அடுத்த தவறு, இன்று காணும் கோயிலே பழைய கோயில் என்று நம்புவது. அழகிய வண்ணக் கோபுரத்தைக் காட்டி, "இது சோழர் கட்டியது" என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் பெற்றோரை ஒவ்வொரு விடுமுறைக் காலத்திலும் கேட்க முடிகிறது. பழைய கோயில் ஒரே கட்டடமாகவும் இருக்கவில்லை. போர்த்துக்கேயர் எழுதிவைத்த குறிப்புகள் மலை உச்சியில் ஒன்றும், நடுவில் ஒன்றும், அடிவாரத்தில் ஒன்றுமாக மூன்று கோயில்களைக் கூறுகின்றன. அவற்றை 1620களின் முற்பகுதியில் கான்ஸ்டன்டீனு டி சா என்ற போர்த்துக்கேயத் தளபதி இடித்தார். ஆண்டை 1622 என்று சிலரும் 1624 என்று சிலரும் எழுதுகின்றனர். சித்திரை வருடப்பிறப்பு நாளில் சுவாமி நகர்வலம் சென்றிருந்த வேளையில் படையினர் பூசகர் வேடத்தில் மலைக்குள் நுழைந்தனர் என்பது எங்கள் ஊரில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இடித்த கற்கள் கோட்டை கட்டப் பயன்பட்டன. சில கடலில் தள்ளப்பட்டன. மறைத்து எடுத்துச் செல்லப்பட்ட திருவுருவங்களை வைத்து வழிபடத் தம்பலகாமத்தில் எழுந்த கோயிலே இன்றைய ஆதிகோணநாயகர் கோயில் என்பதும் அந்த மரபின் தொடர்ச்சியாகும்.

அதன் பின்னர் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக உச்சியில் கோயில் இல்லை. ஆயினும் வழிபாடு நிற்கவில்லை என்பதைத்தான் வருவோர் பலரும் அறியாமல் திரும்புகின்றனர். கோட்டைக்குள் அன்னியப் படைகள் இருந்த காலத்திலும் மக்கள் பாறையின் விளிம்புக்கு வந்து, கர்ப்பூரம் கொளுத்தி, பூவையும் தேங்காயையும் கீழே கடலில் இட்டு வணங்கினார்கள். 19ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த ஆங்கிலேயர் அந்தக் காட்சியைப் பதிவு செய்துள்ளனர். சுவரும் கூரையும் இல்லாத அந்தக் காலம் முழுவதும் மலையே கோயிலாக இருந்தது. 1950இல் நகரசபையினர் கிணறு தோண்டிய இடத்தில் சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி, பிள்ளையார் முதலிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1956இல் அறிவியற் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் மலையடிக் கடலில் மூழ்கியபோது செதுக்கிய தூண்களும் கற்களும் கடற்படுக்கையில் கிடக்கக் கண்டனர்; இன்றைய கோயிலின் குடமுழுக்கு 1963இல் நிறைவேறியது. ஆகவே கட்டடத்தின் வயதைக் கொண்டு தலத்தின் வயதை அளப்பதும், தலத்தின் தொன்மையை அப்படியே கட்டடத்தின் மேல் ஏற்றிச் சொல்வதும் சம அளவில் பிழையானவை.

கோட்டை வாசலை வாகனத்திலேயே கடந்துவிடுவது நான் மிகவும் வருந்தும் தவறு. வாசலின் கற்சுவரில், இடிக்கப்பட்ட கோயிலிலிருந்து வந்த கற்களுள் ஒன்றில், இக்கோயிலுக்குத் திருப்பணி செய்ததாக மரபு கூறும் குளக்கோட்டன் என்ற அரசனின் பெயரைக் கூறும் தமிழ்ப் பாடல் கல்வெட்டாக இருக்கிறது. அருகில் இணைக்கயல், அதாவது இரட்டை மீன் சின்னம், பொறிக்கப்பட்டுள்ளது. குளக்கோட்டன் முன்னர் செய்த திருப்பணியைப் பின்னர் பறங்கியர் (போர்த்துக்கேயர்) பிரிப்பர் என்பது அந்தப் பாடலின் கருத்து. எங்கள் தமிழாசிரியர் ஒருவர் வகுப்பு முழுவதையும் நடக்கவைத்தே அழைத்துவந்து, அந்த எழுத்துகளின் முன் நிறுத்தி, ஒவ்வொரு எழுத்தாக விரலால் காற்றில் எழுதிக் காட்டியது இன்றும் நினைவில் இருக்கிறது. இங்கு இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். பூனைக்கண், செங்கண், புகைக்கண் என்று கண்களால் அடையாளம் காட்டி, தொடர்ந்து வரும் ஆட்சியாளரை முன்கூட்டியே சொன்ன தீர்க்கதரிசனம் இது என்று மேற்கோள் காட்டுவோர், வாய்வழியாக வழங்கும் முழுப் பாடலும் கல்லில் அப்படியே உள்ளதாக எண்ணிவிடுகின்றனர். கல்லில் எஞ்சியுள்ளவை சிதைந்த சில எழுத்துகளே. மீதியை மரபு நிரப்பியிருக்கிறது. கல்லில் இருப்பதையும் மரபில் இருப்பதையும் பிரித்துச் சொல்வதால் எதன் மதிப்பும் குறைந்துவிடாது.

கோட்டை ஆங்கிலேயர் கட்டியது என்ற எண்ணம், பிரெட்ரிக் கோட்டை என்ற பெயரால் வந்தது. போர்த்துக்கேயர் தொடங்கியதை 1639இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கைப்பற்றினர். 1782இல் ஒரே ஆண்டுக்குள் அது ஆங்கிலேயர் கையிலும் பின்னர் பிரெஞ்சுக்காரர் கையிலும் மாறியது. 1795இல் ஆங்கிலேயர் மீண்டும் பிடித்து, 1803இல் தம் இளவரசர் பெயரை இட்டனர்.

கதைகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாறையைப் பிளந்து செல்லும் இராவணன் வெட்டு, தாய்க்காக மலையைப் பெயர்க்க முயன்ற இராவணனின் வாள் பட்ட இடம் என்று புராண மரபு கூறுகிறது. அதை வரலாற்றுச் சான்றாக எடுப்பதும், வெறும் கட்டுக்கதை என்று பிள்ளைகள் முன் சிரிப்பதும் எனக்கு ஏற்புடையவை அல்ல. ஒரு விரிசலைக்கூடத் தாய்ப்பாசத்தோடு சேர்த்து நினைத்த மக்களின் மனம் அதில் இருக்கிறது. ஆனால் பிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்தப் பெண்ணின் கதை வேறு வகையானது. காதலன் கப்பலேறிச் சென்றதால் அவள் மலையிலிருந்து குதித்து உயிர்விட்டாள் என்று வழிகாட்டிகள் பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். அவள் பெயர் பொறித்து 1687 ஏப்ரல் 24ஆம் திகதி நிறுத்தப்பட்ட தூண் உண்மையில் உண்டு; அது பழைய கோயில் தூணாகவே இருக்க வேண்டும் என்றும் கருதப்படுகிறது. எனினும் அந்தப் பெண் பின்னர் திருமணம் செய்து வாழ்ந்ததை ஒல்லாந்தர் ஆவணங்கள் காட்டுகின்றன. ஒரு கோயிலின் தூண் அங்கு ஏன் தனியே நிற்கிறது என்ற கேள்வியை இந்தக் காதல் கதை மறைத்துவிடுகிறது என்பதே என் வருத்தம்.

இனி, பொழுதுபோக்காக மலைக்கு வருவோர் கவனிக்க வேண்டியவை. நடுப்பகலில் ஏறுவது முதலாவது தவறு. கோயில் எல்லையில் காலணிகளைக் கழற்ற வேண்டும். உச்சி வெயிலில் கல்லும் சீமெந்தும் சுடும் சூட்டில் முதியவர்களும் குழந்தைகளும் படும் பாட்டை அடிக்கடி பார்க்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் பெரியம்மா, நான் சொல்லியும் கேளாமல் ஓர் ஆவணி மாதத்து நண்பகலில் ஏறி, இரண்டு நாள் பாதம் ஊன்ற முடியாமல் வீட்டில் இருந்தார். மே முதல் செப்ரெம்பர் வரை தரைப்பக்கமிருந்து வீசும் கச்சான் காற்று வறண்டது. அந்த மாதங்களில் காலை எட்டு மணிக்கு முன்னரோ மாலை நான்கரைக்குப் பின்னரோ நடப்பதே உடலுக்கு நல்லது. ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை மாரி மழையும் வாடைக்காற்றும் வலுப்பதால், பாறை வழுக்கும், கடலும் கொந்தளிக்கும். அந்தக் காலத்தில் கோயிலுக்கு வரலாம், பாறைகளில் உலாவக் கூடாது.

கடலில் சூரியன் மறைவதைப் பார்க்க ஏறுவோரும் ஏமாறுகின்றனர். செங்குத்தான பாறை கிழக்கு நோக்கியது. ஆகவே கடலின் மேல் காண வேண்டியது சூரிய உதயம். மாலையில் ஞாயிறு நகரத்துக்கும் உள்துறைமுகத்துக்கும் பின்னால் இறங்கும். அதுவும் அழகுதான், ஆனால் அதற்கு நீங்கள் கடலுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும்.

உயிரைப் பறிக்கக்கூடிய தவறு, தடுப்புக் கம்பிகளைத் தாண்டிப் படம் எடுப்பது. பாறை கடலிலிருந்து ஏறத்தாழ நூறு மீட்டர் உயரத்துக்கு நேராக எழுகிறது. விளிம்பில் காற்று நினையாத நேரத்தில் திரும்பி அடிக்கும். பிள்ளை வரம் வேண்டிச் சிறு தொட்டில்கள் கட்டும் மரம் விளிம்போடு நிற்பதால், அங்கு குழந்தைகளைக் கைவிடாமல் பிடித்திருக்க வேண்டும். அந்த மரத்தில் பொலித்தீன் பைகளைக் கட்டுவோரிடம் ஒரு வேண்டுகோள்: நேர்த்தியைத் துணியாலோ மரத்தாலோ செய்யுங்கள், பொலித்தீன் மறுநாள் காற்றில் கடலுக்குத்தான் போகிறது. மலையின் அடியில் அலை பாறையில் மோதும் இடத்தில் நீந்த முயலக் கூடாது. குளிக்க விரும்புவோருக்குக் கோட்டைக்கு வெளியே, நகரத்தை ஒட்டிய டச்சுக்குடாக் கடற்கரை இருக்கிறது. பயிற்சி பெற்றவர்கள் உரிய ஏற்பாட்டுடன் மலையடியில் மூழ்கிக் கற்றூண்களைப் பார்க்கிறார்கள். அங்கிருந்து ஒரு சிறு துண்டையும் எடுத்து வரக் கூடாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் அத்தகைய பொருட்களைப் பாதுகாக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், நானூறு ஆண்டுகள் கடலில் கிடக்கும் தூணின் துணுக்கு ஒருவர் வீட்டு அலுமாரியில் இருப்பதற்கு என்ன நியாயம் சொல்ல முடியும்?

பலரும் தவறவிடும் ஒன்று, இந்த மலையிலிருந்தே நீலத் திமிங்கிலங்களைக் காண முடியும் என்பது. திருகோணமலைக் கடலில் ஆழ்பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு மிக அருகில் வருவதால், ஆழ்கடலுக்குரிய விலங்குகள் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் உலாவுகின்றன. மார்ச், ஏப்ரல் மாதங்களில், கடல் கண்ணாடி போலிருக்கும் காலை வேளையில், தொலைநோக்கியுடன் பொறுமையாக இருந்தால், தொலைவில் நீர்த்தூவல் ஒன்று தென்னை உயரத்துக்கு எழுந்து கலைவதைக் காணலாம். திமிங்கிலம் துள்ளிக் குதிக்கும் என்று எதிர்பார்த்து ஐந்து நிமிடம் நின்றுவிட்டு, ஒன்றும் இல்லை என்று திரும்புவதுதான் வழக்கமான தவறு. கண்ணைத் தொடுவானக் கோட்டின் சற்றுக் கீழே மெதுவாக நகர்த்த வேண்டும். முதலில் தெரிவது அதன் மூச்சே. படகில் சென்று துரத்துவதைவிட இவ்வாறு பார்ப்பது அந்த உயிர்களுக்கும் தொல்லை தராதது.

கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்கள் மனிதரைக் கண்டு அஞ்சுவதில்லை. அதனாலேயே அவற்றுக்குக் கேடு வருகிறது. பிஸ்கட்டும் பாணும் பொரித்த தின்பண்டங்களும் அசைபோடும் விலங்கின் வயிற்றுக்கு ஏற்றவை அல்ல. உப்பும் சர்க்கரையும் பட்ட பொலித்தீனை மான்கள் சுவைக்காகவே விழுங்குகின்றன. அது அசைபோடவும் முடியாமல், வெளியேறவும் முடியாமல் இரைப்பையில் தங்கி, பசியில்லாத மெலிவை உண்டாக்கி மெல்ல மெல்லக் கொல்லும். பிள்ளைக்கு மானைத் தொட்டுக் காட்ட விரும்பும் தந்தையரின் ஆசை எனக்குப் புரிகிறது. எனினும் கொம்புள்ள கலைமான் நெருக்கப்பட்டால் முட்டும் என்பதையும், குட்டியைச் சூழ்ந்து நின்றால் தாய் அதை விட்டு விலகும் என்பதையும் அவர்கள் அறிந்திருப்பது நல்லது.

கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது. அதன் கட்டடங்களையும் காவல் நிலைகளையும் படம் எடுக்கக் கூடாது. தோளும் முழங்காலும் மறையும் உடை போதும். உடை மாற்ற மறந்துவிட்டு வாசலில் தடுமாறுவதைவிட, புறப்படும்போதே அதை நினைப்பது எளிது. பங்குனி உத்தரத்தில் தொடங்கும் திருவிழா நாட்களிலும் சிவராத்திரியிலும் வாகனத்தில் மேலே செல்ல முயல வேண்டாம்.

என் யோசனை இதுதான்: முச்சக்கரவண்டியைக் கோட்டை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். கல்வெட்டின் முன் சற்று நின்று, பின் நிழலோடு வளைந்து ஏறும் பாதையில் நடந்தால், மெதுவாக வருவோருக்கும் அரை மணி நேரமே ஆகும். தண்ணீர்ப் போத்தலை எடுத்துச் செல்லுங்கள், வெறும் போத்தலையும் பையிலேயே வைத்துக் கீழே கொண்டுவாருங்கள். பாதையோரக் குப்பைத் தொட்டி நிறைந்திருந்தால் அதன்மேல் வைத்துவிட்டு வரவேண்டாம், ஏனெனில் இருட்டிய பின் அந்தத் தொட்டிகளை முதலில் தேடி வருபவை மான்கள்தாம்.