செத்த ஹெரால்டு இரண்டு, ஓடும் ஹெரால்டு ஒன்று: குறைந்த செலவில் பழைய காரை மீட்கும் செய்முறை

ஸ்போர்ட்ஸ் கார் ஆசை எனக்குப் பள்ளி நாளிலிருந்தே உண்டு. அதற்கான பணம் இன்றுவரை வந்தபாடில்லை. கடைசியில் நான் பிடித்தது ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் பங்காளியை.

இங்கிலாந்தின் டிரையம்ஃப் கம்பெனி 1959-இல் ஹெரால்டு என்ற குடும்பக் காரை வெளியிட்டது. அதே சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை, குட்டையாக்கி 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் ஒருவரே, இத்தாலிக்காரர் ஜியோவன்னி மிக்கெலாட்டி. ஹெரால்டை 1961 முதல் நம் மதராஸிலேயே ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி தயாரித்தது. 948 சிசி இன்ஜின், நாலு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங். அந்தக் காலத்து அம்பாசிடர் ஓட்டியவர்களிடம் இதை ஓட்டக் கொடுத்துப் பாருங்கள், தெரியும்.

என்னுடையது 1966 மாடல், இரண்டு கதவு. கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டுக் கொட்டகையில் மூன்று வருடம் ஞாயிறு ஞாயிறாக வேலை பார்த்து எழுப்பினேன். நான் மெக்கானிக் இல்லை. முதல் முறை செய்கிறவர்கள் எந்த வரிசையில் போகலாம், எதைப் பழையதாக வாங்கலாம், எதைத் தொடவே கூடாது என்பதை இங்கே சொல்கிறேன்.

படி 1: முதலில் புக்கைப் பாருங்கள்

ஆர்.சி. புக் இல்லாத காரை எவ்வளவு சல்லிசாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். புக்கில் உள்ள சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப் போக வேண்டும். எண் துருவில் மறைந்திருந்தால் மண்ணெண்ணெய் தொட்டுத் துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் எண்ணே போய்விடும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு. புதுச்சேரி தனி யூனியன் பிரதேசம். எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் வேறு ஆர்.டி.ஓ. அங்கே பதிவான காரைக் கடலூரில் நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டுமானால் அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். விற்கிறவர் கூடவே வந்து கையெழுத்துப் போடுவாரா என்று பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021 முதல் விண்டேஜ் பதிவு என்று தனியாக ஒன்று இருக்கிறது. நம்பரில் விஏ என்ற எழுத்துகள் வரும், பத்து வருடம் செல்லும். முதல் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான். வண்டியில் பெரிய மாற்றமும் செய்திருக்கக் கூடாது. எனக்கு மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் ஓட்ட வேண்டும் என்பதால் சாதாரணப் பதிவையே எப்.சி. (தகுதிச் சான்று) காட்டிப் புதுப்பித்துக்கொண்டேன்.

படி 2: இரண்டாவது செத்த வண்டியைத் தேடுங்கள்

உதிரிகளை ஒவ்வொன்றாகத் தேடி வாங்கினால் பணம் கரைந்துவிடும். இன்றைக்கு ஒரு ஹேண்டில், நாளைக்கு ஒரு பிராக்கெட் என்று அலைவதில் பஸ் செலவே பாதி. அதே குடும்பத்து வண்டி ஒன்றை முழுசாக, ஓடாத நிலையில் வாங்கிப் பிரித்துக்கொள்வதுதான் சிக்கனம்.

இங்கே எது எதோடு சேரும் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஹெரால்டில் நாலு கதவு மாடலும் வந்தது, அது இந்தியாவுக்கென்றே செய்தது. அதன் இன்ஜின், கியர்பாக்ஸ், ஸ்டியரிங் எல்லாம் இரண்டு கதவுக்கு உதவும். கதவு உதவாது, அளவு சிறியது. பிறகு அதே கம்பெனி விட்ட கெஸல் காரிலும் அதே 948 சிசி இன்ஜின்தான், ஆனால் பின் ஆக்சில் முற்றிலும் வேறு. ஆக, கெஸல் கிடைத்தால் இன்ஜினுக்காக மட்டும் வாங்குங்கள். ஒன்று மறக்காதீர்கள்: இன்ஜின் மாற்றினால் புக்கிலும் புது நம்பரை ஏற்ற வேண்டும். அதனால் உதிரிக்கு வாங்கும் வண்டிக்கும் ரசீதும் புக் நகலும் கட்டாயம்.

எனக்குக் கிடைத்தது புதுச்சேரி பாகூர் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கிடந்த நாலு கதவு ஹெரால்டு. "தண்ணி படாத வண்டி சார்" என்று விற்றவர் சத்தியம் செய்தார். சீட்டைத் தூக்கினால் அடியில் விரலளவு வண்டல். 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் என்று இந்தக் கரையில் தண்ணீர் பார்க்காத கொட்டகை குறைவு. வாங்கும் முன் டேஷ்போர்டின் பின்பக்கம், ஹெட்லைட்டின் உள்பக்கம், கதவு டிரிம்மின் கீழ்ப்பக்கம் மூன்றையும் பாருங்கள். தண்ணீர்க் கோடு இருந்தால் ஒயரிங், மீட்டர், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோ எல்லாவற்றின் விலையையும் பூஜ்யமாகக் கணக்கிட்டுப் பேரம் பேசுங்கள். இரும்பு வார்ப்புகளை வெள்ளம் பெரிதாக ஒன்றும் செய்யாது. நானும் அப்படித்தான் பேசி, கிட்டத்தட்ட இரும்பு விலைக்கே எடுத்தேன்.

படி 3: இன்ஜினுக்கு இரண்டு நிமிடச் சோதனை

இந்த இன்ஜினுக்கு ஒரு பரம்பரை நோய் உண்டு. கிராங்க், அதாவது இன்ஜினுக்குள் சுழலும் தண்டு, முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் திரஸ்ட் வாஷர் தேய்ந்து, கடைசியில் கழன்றே விழுந்துவிடும். விழுந்தபின் கிராங்க் பிளாக்கையே அரைக்கும்.

சோதிப்பது எளிது. ஒருவரை உட்கார வைத்து கிளட்சை மிதித்து மிதித்து விடச் சொல்லுங்கள். நீங்கள் முன்னால் நின்று கிராங்க் புல்லியைப் பாருங்கள். அது நகரலாம் என்று விட்டிருப்பது 0.2 மில்லிமீட்டர் அளவுதான், கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. புல்லி பளிச்சென்று முன்னால் வந்து போனால் வாஷர் முடிந்துவிட்டது. இந்தச் சோதனை செய்யாமல் எந்த ஹெரால்டு இன்ஜினுக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

இன்ஜின் இறுகிப் போயிருந்தால் பிளக்குகளைக் கழற்றி, டீசலும் இன்ஜின் ஆயிலும் சம அளவு கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள், பிஸ்டன் ரிங் உடையும்.

படி 4: ஸ்பேனரும் கட்டையும்

இது இன்ச் அளவு போல்ட் போட்ட வண்டி. அரை இன்ச் நட்டுக்கு 13 எம்.எம். ஸ்பேனர் போட்டால் ஏறும், துருப்பிடித்த நட்டில் வழுக்கி மூலையை வழித்துவிடும். 7/16, 1/2, 9/16 மூன்று அளவும் ரிங் ஸ்பேனராக வேண்டும். புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய இன்ச் ஸ்பேனர் தேடிப் பாருங்கள். துரு இருந்தால் பரவாயில்லை, வாய் விரிந்திருக்கக் கூடாது.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் வேண்டவே வேண்டாம், திடீரென்று நொறுங்கும். வண்டியைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டு இரண்டு ஜோடி புதிதாகவே வாங்குங்கள்.

ஹெரால்டில் ஒரு வசதி, முன்பக்கம் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முன்னால் சாய்ந்துவிடும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வண்டி எனக்குத் தெரியவில்லை.

படி 5: சேசிஸ், அதாவது துரு

இதுதான் உண்மையான வேலை. மற்றதெல்லாம் கழற்றி மாட்டுவது.

பாடி தனி, சேசிஸ் தனி. சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தான் பாடியைத் தாங்குகின்றன. கடல் காற்றில் முதலில் போவது அவைதான். சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று கேட்டால் இரும்பு, பொத்தென்று கேட்டால் பட்டி, அதாவது ஓட்டையை மறைக்கப் பூசிய பூச்சு. சந்தேகப்பட்ட இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள். என் வண்டியில் வலப்பக்கக் கை ஒன்றில் துணியும் தாரும் அடைத்து மேலே பெயிண்ட் அடித்திருந்தார்கள். எவர் கைவண்ணமோ.

பாடியைத் தூக்கும் முன், கதவு இடைவெளியில் குறுக்காக ஒரு இரும்பு ஆங்கிள் வைத்து வெல்டு செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் பாடி வளைந்து, திரும்ப வைக்கும்போது கதவு சாத்தாது. ஒவ்வொரு போல்ட்டின் அடியிலும் எத்தனை தகடு வைத்திருந்தார்கள் என்று போட்டோ எடுங்கள். அந்தத் தகடுகள்தான் கதவு இடைவெளியைத் தீர்மானிக்கின்றன.

பாகூர் வண்டியின் கைகளில் இரண்டு நன்றாக இருந்தன. வெட்டி எடுத்து டிங்கர் அண்ணனிடம் கொடுத்தேன். அவர் அளவு பார்த்து, முதலில் புள்ளிப் புள்ளியாகப் பிடித்து, மறுபடி அளந்து, பிறகே முழுசாக வெல்டு செய்தார். சேசிஸுக்கு ஒட்டும் தகடு பழைய தகட்டின் கனமே இருக்க வேண்டும். பாடிக்குப் போடும் மெல்லிய தகடு போதும் என்று யாராவது சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். வெல்டிங் முடியும்வரை பேட்டரி கழற்றியே இருக்கட்டும். பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தெருக்கோடியில் வையுங்கள். காலி டேங்க்தான் அதிக ஆபத்து, உள்ளே இருப்பது பெட்ரோல் ஆவி.

சின்ன உதிரிகளின் துருவுக்கு மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகு) நன்றாக வேலை செய்யும். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை பக்கத்திலேயே இருக்கிறதே என்று நினைத்தேன். அது கலால் கட்டுப்பாட்டில் உள்ள சரக்கு, குடத்தை எடுத்துக்கொண்டு போய் வாங்கிவர முடியாது. சரி என்று சலவை சோடாவுக்கு வந்தேன். பிளாஸ்டிக் டிரம்மில் நாலு லிட்டர் தண்ணீருக்கு ஒரு ஸ்பூன் சோடா. துருப்பிடித்த உதிரியை பேட்டரி சார்ஜரின் நெகட்டிவிலும், வேண்டாத இரும்புத் துண்டைப் பாசிட்டிவிலும் கட்டித் தொங்கவிடுங்கள். இரண்டும் தொடக் கூடாது. ஒரே இரவில் துரு கறுப்புச் சேறாக இறங்கிவிடும். ஹைட்ரஜன் வாயு வரும், அதனால் திறந்த வெளியில் வையுங்கள், பீடி சிகரெட் பக்கத்தில் வராமல் பாருங்கள். எவர்சில்வர் துண்டைப் பாசிட்டிவில் கட்டாதீர்கள், தண்ணீரில் குரோமிய நஞ்சு சேரும்.

படி 6: பழையதாக வாங்கக் கூடாதவை

பிரேக் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளுவது), வீல் சிலிண்டர், ஹோஸ், ரப்பர் எதுவானாலும், டயர். இந்த வரிசையில் பழசு வேண்டாம்.

நான் முதலில் கேட்கவில்லை. பாகூர் வண்டியின் மாஸ்டர் சிலிண்டர் பார்க்கப் பளபளவென்று இருந்தது, துடைத்து மாட்டிவிட்டேன். பெடலும் கெட்டியாகத்தான் நின்றது. மூன்றாம் நாள் புதுச்சேரி மரப்பாலம் சிக்னலில் மிதித்தால் பெடல் தரையைத் தொட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முன்னால் நின்ற ஆட்டோவுக்கு ஒரு சாண் முன்னே நின்றேன். கழற்றிப் பார்த்தால் சிலிண்டர் உள்ளே அம்மைத் தழும்பு போலக் குழிகள். அப்படிக் குழி விழுந்தால் புது சீல் போட்டும் பயனில்லை. லேத்தில் கொடுத்து பித்தளை ஸ்லீவ் இறக்கி, அதன்பின் புது கிட் போட வேண்டும்.

பழைய பிரேக் லைனரில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், இருக்கலாம். டிரம்மில் உள்ள தூசியை ஊதாதீர்கள், காற்றடிக்காதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரத் துணியால் துடையுங்கள்.

டயருக்கு வழி இருக்கிறது. இது 13 இன்ச் வீல். பழைய வேகன்-ஆரில் வந்த 145/80 ஆர்13 இதற்குச் சரியாக அமரும், எல்லா டயர் கடையிலும் உண்டு.

முன் சக்கரத்தின் கீழே ட்ரன்னியன் என்ற பித்தளை மூட்டு இருக்கிறது. ஸ்பிட்ஃபயரிலும் இதே அமைப்புதான். இதற்குள் கிரீஸ் அடிக்காதீர்கள், 90 நம்பர் கியர் ஆயில் விடுங்கள். கிரீஸ் மரைகளுக்குள் போகாமல் தேங்கிவிடும், உள்ளே ஈரம் ஏறி மூட்டு ஒடிந்தால் ஓடும்போதே சக்கரம் மடங்கும்.

படி 7: புதுப்பேட்டைக்கு ஒரு நாள்

உதிரி வண்டியிலும் கிடைக்காததற்கு, பழைய வண்டி உதிரிக் கடைகள் நிறைந்த சென்னை புதுப்பேட்டைதான். உடைந்த சாமானைப் பையில் எடுத்துப் போங்கள். "ஹெரால்டுக்கு இருக்கா" என்று ஆரம்பித்தால் விலை பழம்பொருள் விலையாகிவிடும். சாமானைக் காட்டி, "இது மாதிரி இருக்கா" என்று கேளுங்கள், போதும்.

பேரிங்கைப் பழசாகத் தேடவே வேண்டாம். பக்கவாட்டில் நம்பர் பொறித்திருக்கும், அதைச் சொன்னால் பேரிங் கடையில் புதிதாகவே கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆயில் சீலுக்கு உள் விட்டம், வெளி விட்டம், கனம் மூன்றும் போதும்.

படி 8: பெட்ரோலும் கரண்டும்

இந்தியாவில் 2000-க்குப் பிறகு ஈயம் கலந்த பெட்ரோல் இல்லை. அந்த ஈயம்தான் பழைய இன்ஜினின் எக்சாஸ்ட் வால்வ் சீட்டை, அதாவது புகை போகும் வால்வ் வந்து அமரும் இடத்தை, காத்துவந்தது. ஹெட்டை எப்படியும் கழற்றுவீர்கள், அப்போதே லேத்தில் கெட்டி சீட் பொருத்திவிடுங்கள். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு. பழைய ரப்பர் குழாய் அதில் ஊறி உதிரும். டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றுங்கள்.

ஒயரிங்கை முழுசாகப் புதிதாக இழுங்கள். டைனமோவுக்குப் பதில் மாருதி 800-இன் ஆல்டர்னேட்டரைக் காயலான் கடையில் எடுத்து, பிராக்கெட் ஒன்று அடித்துப் போட்டேன். அதற்கு முன் பேட்டரியின் எந்த முனை பாடியில் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனை பாடியில் இருக்கும். அதை மாற்றாமல் ஆல்டர்னேட்டர் கொடுத்தால் அதன் டயோடு அந்த நொடியே போகும்.

படி 9: பெயிண்ட்

கடைசியில்தான். ஐப்பசி, கார்த்திகையில் அடிக்காதீர்கள், காற்றின் ஈரத்தில் பெயிண்ட் வெள்ளையாகப் பூத்துவிடும். நான் பங்குனியில் வெயில் ஏறிய பிறகு அடித்தேன். அதற்கு மேல் இதில் எழுத ஒன்றுமில்லை, பக்கத்துத் தெரு பெயிண்டர் என்னைவிட நன்றாக அடிப்பார்.

படி 10: முதல் ஓட்டம்

வீட்டுத் தெருவில் பத்து முறை பிரேக் பிடித்துப் பார்த்த பிறகு மெயின் ரோட்டுக்கு வாருங்கள். பின் சக்கரங்கள் ஸ்விங் ஆக்சில் (சக்கரத்தோடு மேலும் கீழும் ஆடும் அச்சு) என்பதால் வளைவில் வேகமாகப் போய்த் திடீரென ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் தூக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். என் முதல் ஓட்டம் முள்ளோடை வரை. அங்கே பெட்ரோல் விலை குறைவு என்பது கடலூர்க்காரர் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

நூறு கிலோமீட்டர் ஆனதும் ஹெட் நட்டுகளை மேனுவலில் உள்ள வரிசைப்படி மறுபடி இறுக்குங்கள். பாடி போல்ட், வீல் நட்டு எல்லாவற்றிலும் ஒரு முறை ஸ்பேனர் வையுங்கள். எனக்கு ஏழு போல்ட் தளர்ந்திருந்தது.

பாகூர் வண்டியின் எலும்புக்கூட்டைப் போன மாதம் எடைக்குப் போட்டேன். வந்த காசில் இரண்டு டயர் தேறியது. அதன் நாலு கதவும் பின் ஆக்சிலும் இன்னும் கொட்டகையில்தான் இருக்கின்றன, வீட்டில் தினமும் கேட்கிறார்கள்.