சாலையோரத்தில் ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால்

நான் டெக்சாஸில் பிசியோதெரபிஸ்ட். 'ஒற்றைக் காலில் நில்லுங்கள்' என்று ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடமாவது சொல்வேன். போன வருடம் ஒரு ராத்திரி, குடித்துவிட்டு ஓட்டினாரா என்று பார்க்க, என் அத்தானைப் போலீஸ் ஹைவே ஓரத்தில் அதேபோல நிற்கவைத்த வீடியோவைப் பார்த்ததும் மனசு ஆறவில்லை. 58 வயது, வலது முழங்காலில் ஆபரேஷன் ஆனவர். ஒரு பீர் குடித்திருந்தார். பயத்தில் முழங்காலைப் பற்றி வாயே திறக்கவில்லை. கைது செய்துவிட்டார்கள். ரத்தப் பரிசோதனையில் ஆல்கஹால் அளவு, சட்ட வரம்பான 0.08 சதவீதத்துக்குக் கீழேதான் வந்தது.

குடித்துவிட்டு ஓட்டாதீர்கள், அதில் எனக்கு இரண்டு பேச்சு கிடையாது. ஆனால் இந்தச் சோதனை எதை அளக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு காலை ஆறு அங்குலம் தூக்கி 30 விநாடி நிற்க வேண்டும். போலீஸ் பார்க்கும் நான்கு தடுமாற்றக் குறிகளில் இரண்டு தென்பட்டாலே தோல்வி. கையை ஆறு அங்குலம் விரித்தால் அதுவும் ஒரு குறி! தடுமாறும்போது கையை விரிக்கச் சொல்லித்தான் நான் பழக்குகிறேன். உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி அது. 1981இல் இச்சோதனையை வகுத்தவர்களே ஆய்வகத்தில் பார்த்தபோது, ஒற்றைக் கால் சோதனை 65 சதவீதம்தான் சரியாகச் சொன்னது. குதிகாலோடு விரல் ஒட்டி ஒன்பது காலடி வைத்துப் போய்த் திரும்பும் சோதனை 68 சதவீதம். காதுக் கோளாறு, முதுகு அல்லது கால் பிரச்சினை உள்ளவர்களுக்கும் 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் இது சிரமம் என்று போலீஸ் பயிற்சிக் கையேடே ஒப்புக்கொள்கிறது.

எனவே போலீஸ் வண்டியை நிறுத்தினால், சோதனை தொடங்கும் முன்பே கேமராவில் பதிவாகும்படி உரக்கச் சொல்லுங்கள்: எந்தக் கால், எப்போது ஆபரேஷன், என்ன மாத்திரை. குதிகால் உயர்ந்த செருப்பென்றால் கழற்றலாமா என்று கேளுங்கள். டெக்சாஸில் இந்தச் சாலையோரச் சோதனைகளை மரியாதையாக மறுக்கலாம், ஆனால் மறுத்ததைக் கோர்ட்டில் சொல்வார்கள். கைதான பின் கேட்கும் மூச்சு, ரத்தப் பரிசோதனை வேறு கணக்கு. மறுத்தால் லைசென்ஸ் 180 நாள் போகலாம். விசாவில் இருப்பவர்கள் குடியேற்ற வக்கீலையும் உடனே கூப்பிடுங்கள். தீர்ப்புக்கு முன்பே, கைதுக்காகவே விசாவை ரத்து செய்ய முடியும்.

அப்புறம், வீடு வந்ததும் தூங்குவதற்கு முன் எல்லாவற்றையும் எழுதிவையுங்கள்: காலில் என்ன செருப்பு, காற்று அடித்ததா, லாரி வெளிச்சம் கண்ணில் பட்டதா. தரை சமமாக, உலர்ந்து, வழுக்காமல் இருக்க வேண்டும் என்பது போலீஸ் விதி. ஆனால் மழைத்தண்ணீர் வடிய, சாலையோரத்தைச் சரிவாகத்தான் போடுகிறார்கள். அந்த இடத்தைப் பகலில் போய்ப் படம் எடுங்கள். அத்தான் நின்ற இடத்தில் நானும் அக்காவும் ஒரு தண்ணீர் பாட்டிலைப் படுக்கவைத்தோம். கையை எடுத்ததும் தானாக உருண்டு புல்லுக்குள் போய்விட்டது. அந்த வீடியோவைத்தான் வக்கீல் முதலில் கேட்டு வாங்கினார்.