தொல்லியல் பலகை நிற்கும் தேவாலயத்தில் கல்யாணமோ கச்சேரியோ நடத்த யாரிடம் கேட்பது?

சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தைப் பற்றி இரண்டு தப்பான எண்ணங்கள் உண்டு. வாசலில் தொல்லியல் துறைப் பலகை நிற்கிறது, எனவே அரசாங்கத்திடம் கேட்டால் போதும் என்பது ஒன்று. ஆராதனை நடக்கும் கோயில்தானே, ஆயர் (சபைப் போதகர்) சரி என்றால் எல்லாம் சரி என்பது மற்றொன்று. இதில் ஏதாவது ஒன்றை நம்பிப் பத்திரிகை அடித்தவர்கள்தான் கடைசி வாரத்தில் அலைகிறார்கள்.

பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அறிவிப்பதாலேயே ஒரு கட்டடம் அரசின் சொத்தாகிவிடாது. தொல்சின்னங்களைப் பாதுகாக்கும் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, உரிமையாளரோடு பராமரிப்பு ஒப்பந்தம் போட இடம் தருகிறது. 16-ஆம் பிரிவு, மத்திய அரசு பராமரிக்கும் வழிபாட்டுத் தலத்தை அதன் தன்மைக்கு ஒவ்வாத காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. பிரான்சில், அரசையும் சபையையும் பிரித்த 1905 சட்டத்துக்கு முந்தைய பங்குக் கோயில்கள் பெரும்பாலும் நகராட்சியின் சொத்து. அங்கேயும் கச்சேரி வைக்கப் பங்குத்தந்தையின் சம்மதம் வேண்டும். சொத்து ஒருவருடையதாக இருக்கலாம், அதில் என்ன நடக்கலாம் என்று சொல்பவர் வேறொருவராக இருக்கலாம்.

கல்யாணம் என்றால் முதலில் சேகரக் கமிட்டியையும் (சபையின் நிர்வாகக் குழு) ஆயரையும் பாருங்கள். மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்க வேண்டும் என்பதால் இரண்டு மாதமாவது கையில் வைத்துக்கொள்வது நல்லது. 1872-ஆம் ஆண்டுக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி பொதுவாகக் காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில்தான் தாலி ஏற வேண்டும். ராத்திரி முகூர்த்தம் கேட்டு நிற்காதீர்கள்.

வரவேற்பு, விருந்து, கூட்டம், கேளிக்கை இவை வேறு கணக்கு. அந்த 1958 சட்டத்தின்கீழ் வந்த 1959 விதிகளில் 7-ஆம் விதியின்படி மத்திய அரசின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் சின்னத்தில் இவற்றை நடத்தக் கூடாது. அங்கீகரிக்கப்பட்ட சமய வழக்கப்படி நடப்பதற்கு மட்டும் அதே விதியில் விலக்கு உண்டு. கிறிஸ்துமஸ் கீத ஆராதனை இந்த விலக்குக்குள் வரும். அதே பாட்டுகளை டிக்கெட் போட்டு, ஸ்பான்சர் பேனர் கட்டிப் பாடினால் அது கச்சேரி.

மனுவில் பலர் கோட்டைவிடும் இடம் 'நிகழ்ச்சி நடத்த அனுமதி வேண்டும்' என்ற வரி. எந்த நிகழ்ச்சி என்று தெரியாமல் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். தேதி, தொடங்கும் முடியும் நேரம், எத்தனை பேர், என்னென்ன கருவி, விளக்குக்கு மின்சாரம் எங்கிருந்து, எதை எங்கே நிறுத்தப் போகிறீர்கள் என்று எழுதி, ஒரு கைவரைபடமும் சேருங்கள். சேகரத்தின் சம்மதக் கடிதத்தை இணைத்து, கோட்டைக்குள்ளேயே இருக்கும் இந்தியத் தொல்லியல் துறை சென்னை வட்ட அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். சினிமாப் படப்பிடிப்புக்குத் தனி உரிமம்.

அலங்காரக்காரரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். இது 1680-ல் திறந்த கோயில், பீரங்கிக் குண்டு தாங்கும்படி போட்ட வளைவுக் கூரை. தோரணத்துக்கு ஓர் ஆணி அடித்தால் சுண்ணாம்புப் பூச்சு பொரிந்து உதிரும். சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சுவரைத் தொடாமல் தானாக நிற்கும் சட்டகத்தில் பூவைக் கட்டச் சொல்லுங்கள். முற்றத்தில் பாவியிருக்கும் கற்கள் வெறும் தளவரிசை அல்ல, பழைய கல்லறைக் கற்கள். அவற்றின்மேல் ஜெனரேட்டரை இறக்கினால் எழுத்து தேயும், கல் கீறும்.

பெயின்ட், கழிப்பறை, கொட்டகை போன்ற வேலைகளில் கமிட்டியின் தீர்மானம் மட்டும் செல்லாது. சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அங்கே புதுக் கட்டுமானம் கிடையாது. பழுதுபார்க்கவே அனுமதி வேண்டும். அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றுக் கட்டலாம்.

உரிமையாளரோடு பராமரிப்பு ஒப்பந்தம் இருக்கிறதா, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சண்டை வந்தால் வாய்ச்சொல்லை நம்பாமல், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி அரசிதழ் அறிவிப்பின் நகலையும் ஒப்பந்த நகலையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் இதே கோட்டைக்குள் இருப்பதால் வாசலில் சோதனை உண்டு. சட்டமன்றம் கூடும் நாளா என்று பார்த்துத் தேதி குறியுங்கள். 'அசல் அடையாள அட்டை கொண்டுவரவும்' என்று பத்திரிகையிலேயே ஒரு வரி அடித்துவிடுங்கள்.