சாய்ந்த தையலா, நேர்த் தையலா? தோலில் கைத்தையல் தொடங்குபவர்களுக்கு

கையால் தைத்த நல்ல தோல் பர்ஸ் ஒன்றின் விளிம்பைக் கவனித்தால், தையல்கள் எல்லாம் ஒரே கோணத்தில் சாய்ந்து நிற்பது தெரியும். அதே கடையில் வேறொரு பையில் தையல் கோடு போட்டதுபோல நேராக ஓடும். இரண்டையும் தைக்கும் முறை ஒன்றுதான். வேறுபடுவது துளையின் வடிவமும், அந்தத் துளைக்குள் எந்த நூல் எந்த மூலையில் உட்காருகிறது என்பதும்தான். இந்த இரண்டாவது விஷயத்தைப் பெரும்பாலான விளக்கங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. புதிதாகத் தைப்பவர்கள் தடுமாறுவதும் அங்கேதான்.

அடிப்படை: சேணத் தையல்

ஒரே நூல், அதன் இரு முனைகளிலும் ஒவ்வோர் ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசிகளும் எதிரெதிர்த் திசையில் நுழைந்து வெளியேறும். குதிரைச் சேணம் தைப்பவர்களின் முறை என்பதால் இது சேணத் தையல். இயந்திரத் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் நடுவில் கொக்கிபோல மாட்டிக்கொண்டிருக்கும்; ஒன்று அறுந்தால் பக்கத்துத் தையல்களும் தளரத் தொடங்கும். சேணத் தையலில் ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கத்து நூல் பிடித்துக்கொள்ளும். சாய்ந்தாலும் நேராக இருந்தாலும் உறுதி இங்கிருந்துதான் வருகிறது. எனவே, “எது பலமானது?” என்ற கேள்வியில் அதிக நேரம் செலவிட வேண்டாம்.

தேவையானவை

1.5 முதல் 2 மி.மீ. தடிமனுள்ள இரண்டு தோல் துண்டுகள், 15 செ.மீ. நீளத்தில். சாய்ந்த பற்கள் கொண்ட பல் உளி ஒன்று. பற்களின் இடைவெளி 4 மி.மீ. இருந்தால் தொடக்கத்துக்கு வசதி. ரப்பர் அல்லது நைலான் சுத்தியல். முனை மழுங்கிய ஊசிகள் இரண்டு. மெழுகு பூசிய நூல். தோலைச் செங்குத்தாகப் பிடித்துக்கொள்ள ஒரு மரக் கவ்வி. கோடு போட, ஜியாமெட்ரி பெட்டியில் இருக்கும் டிவைடர் போதும்.

நூலின் தடிமனை அலட்சியமாக எடுக்க வேண்டாம். 4 மி.மீ. இடைவெளிக்கு 0.8 மி.மீ. நூலும், 3 மி.மீ. இடைவெளிக்கு 0.5 மி.மீ. அளவிலான நூலும் பொருந்தும். நெருக்கமான துளைகளில் தடித்த நூலை விட்டால், அது துளையை அடைத்துக்கொண்டு மூலைகளுக்குப் போகாமல் நடுவிலேயே நின்றுவிடும். பிறகு எவ்வளவு கவனமாகத் தைத்தாலும் சாய்வு தெரியாது.

துளையிடுதல்

துண்டுகளை விளிம்போரமாகப் பசையிட்டு ஒட்டி, காயவிடுங்கள். விளிம்பிலிருந்து 3 மி.மீ. தள்ளி டிவைடரால் மெல்லிய கோடு இழுங்கள். உளியைக் கோட்டின்மேல் செங்குத்தாக நிறுத்தி அடியுங்கள். அடுத்த முறை வைக்கும்போது, முதல் பல் ஏற்கெனவே விழுந்த கடைசித் துளைக்குள் இருக்கட்டும், இடைவெளி மாறாது. உளி பக்கவாட்டில் சற்றுச் சாய்ந்தாலும் பின்பக்கத்தில் துளைகள் கோட்டைவிட்டு விலகிவிடும். ஆகவே அடிக்குமுன் ஒருமுறை பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது விளிம்பு மேலே இருக்குமாறு பிடித்து முன்பக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு துளையும் இடது கீழிலிருந்து வலது மேலாக ஏறும் சிறிய கீறலாக இருக்கும். (எதிர்ப்பக்கம் சாயும் உளிகளும் உண்டு. அவற்றுக்குக் கீழே சொல்வதில் மேல், கீழ் என்பதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.) ஒவ்வொரு கீறலுக்கும் இரண்டு மூலைகள்: மேல் மூலை, கீழ் மூலை. இரண்டு நூல்களுக்கு இரண்டு இருக்கைகள்.

சாய்ந்த தையல்

தையல் நீளத்தைப்போல நான்கு மடங்கு நூலும், ஊசிகளில் கோக்கக் கொஞ்சம் கூடுதலும் வெட்டுங்கள். முதல் பயிற்சிக்கு ஒரு யோசனை: ஒரே நூலுக்குப் பதில் இரண்டு நிற நூல்களை முடிந்து பயன்படுத்துங்கள். முன்பக்கத்தில் நிறங்கள் மாறி மாறி வரும். எந்த நூல் எங்கே போனது என்பது கண்ணுக்கு முன்னால் நிற்கும்.

தோலைக் கவ்வியில் மாட்டுங்கள். முன்பக்கம் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். தொலைவான முனையில் தொடங்கி உங்களை நோக்கித் தைத்துவாருங்கள். முதல் துளையில் நூலை நுழைத்து இரு பக்கமும் சமமாக்கிவிட்டு, அடுத்த துளைக்கு வாருங்கள்.

1. இடக்கை ஊசியைப் பின்பக்கத்திலிருந்து நுழைத்து முன்பக்கமாக இழுத்தெடுங்கள்.
2. வெளியே வந்த நூலைக் கீழாகவும் உங்களை நோக்கியும் இழுத்துப் பிடியுங்கள். அது கீறலின் கீழ் மூலைக்குப் போய்விடும்.
3. காலியான மேல் மூலையில், அந்த நூலுக்குப் பின்னால், வலக்கை ஊசியை நுழையுங்கள். ஊசி பாதி போனதும் முதல் நூலைச் சற்று முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் ஊசி நூலைக் குத்திவிட்டது. வெளியே எடுத்து மறுபடி நுழைக்க வேண்டும்.
4. இரு நூல்களையும் ஒரே வேகத்தில், ஒரே அளவு பலத்தில் இழுத்து இறுக்குங்கள்.

ஏன் கீழ் மூலை? துளையிலிருந்து முன்பக்கம் வெளியேறும் நூல், அடுத்த துளைக்கு அருகிலுள்ள மூலையிலிருந்து கிளம்ப வேண்டும். போய்ச் சேரும் துளையிலும் தனக்கு அருகிலுள்ள மூலையில் இறங்க வேண்டும். உங்களை நோக்கித் தைக்கும்போது கிளம்பும் மூலை கீழே இருக்கிறது, இறங்கும் மூலை மேலே இருக்கிறது. அதனால்தான் தையல், கீறலுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்கிறது. இந்த ஒன்றை மனத்தில் வைத்தால், எந்த உளி கிடைத்தாலும் எந்தத் திசையில் தைத்தாலும் ஊசி எங்கே போக வேண்டும் என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

வரிசையில் ஒரே ஒரு தையல் மட்டும் படுத்துக்கிடந்தால், அங்கே ஊசி தவறான மூலையில் போயிருக்கிறது என்று பொருள். அதுவரை பிரித்துவிட்டுத் தொடருங்கள். இறுக்கினால் சரியாகிவிடும் என்று நினைத்து இழுப்பதில் பயனில்லை.

பின்பக்கம் ஏன் அவ்வளவு சாயவில்லை?

இதே தையலைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் நூல், அடுத்த துளைக்குத் தூரமான மூலையிலிருந்து கிளம்பி, அங்கேயும் தூரமான மூலையில் இறங்குகிறது. நீளம் கூடுவதால் சாய்வு குறைந்து, கிட்டத்தட்ட நேராகத் தெரிகிறது. இது உங்கள் கைக்குற்றம் அல்ல.

பின்பக்கமும் சாய வேண்டுமானால், மூன்றாவது படியில் வலக்கை ஊசி துளையில் இருக்கும்போதே, முன்பக்கம் வந்த முதல் நூலை அந்த ஊசியின்மேல் ஒருமுறை எடுத்துப் போட்டுவிட்டு இழுங்கள். துளைக்குள் அரை முடிச்சு விழுந்து, நூல்கள் இடம் மாறும். பின்பக்கத்திலும் நூல் அருகிலுள்ள மூலையைப் பிடித்துக்கொள்ளும். முடிச்சு தோலின் தடிமனுக்குள் ஒளிந்துகொள்ள வேண்டும் என்பதால், மிக மெல்லிய தோலில் இது வெளியே புடைத்து அசிங்கமாகத் தெரியும். செய்தால் எல்லாத் துளைகளிலும் செய்யுங்கள். ஒன்றில் விட்டாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

நேர்த் தையல்

இதற்கு வட்டத் துளை. 0.8 மி.மீ. நூலுக்கு 1 மி.மீ. அல்லது சற்றே பெரிய பஞ்ச். வட்டத்துக்கு மூலை இல்லாததால் நூல் நடுவில் அமர்ந்து இரு பக்கமும் நேராக வரும். ஆனாலும் இரண்டாவது ஊசி எப்போதும் முதல் நூலுக்கு மேலேயோ எப்போதும் கீழேயோதான் போக வேண்டும். மாறி மாறிப் போனால் கோடு நெளியும். வட்டப் பஞ்ச் தோலைத் துண்டாக வெட்டி எடுத்துவிடுவதால் துளை மூடிக்கொள்ளாது. நூல் மெல்லியதாக இருந்தால் துளைகள் வெளியே தெரியும்.

கோட்டின் திசையிலேயே நேர்க் கீறல் போடும் உளிகளும் கிடைக்கின்றன. மெல்லிய தோலில், நெருக்கமான தையலுக்கு நான் அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன். கீறல்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஒரே கோட்டில் நிற்பதால், கிழித்தெடுக்கும் டிக்கெட்டின் துளைவரிசை போலத் தோல் அங்கே பலவீனப்படும். சாய்ந்த கீறலில் அடுத்தடுத்த துளைகளுக்கு நடுவே தோல் கூடுதலாக மிஞ்சுகிறது.

முடிப்பது

கடைசித் துளைக்குப் பிறகு இரண்டு மூன்று துளைகள் பின்னோக்கித் தைத்து, நூல்களைப் பின்பக்கம் கொண்டுவந்து நறுக்குங்கள். பாலியெஸ்டர் என்றால் 2 மி.மீ. விட்டு லைட்டரால் உருக்கி அழுத்தலாம். லினன் நூல் உருகாது. ஒரு சொட்டுப் பசை போதும். இறுதியாகத் தையல்மீது சுத்தியலால் மெல்லத் தட்டினால் நூல் தோலோடு படிந்து, கீறல் துளைகளும் ஓரளவு மூடிக்கொள்ளும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை, பின்பக்கம் யார் கண்ணில் படும் என்பதை வைத்து முடிவுசெய்யுங்கள். பெல்ட்டின் உட்புறத்தை யாரும் பார்ப்பதில்லை. அரை முடிச்சு இல்லாத சாய்ந்த தையல் தாராளமாகப் போதும். இரு பக்கமும் தெரியும் பை வார் என்றால், அரை முடிச்சோடு சாய்ந்த தையல் போடுங்கள். அது கைக்கு வராதவரை வட்டத் துளையில் நேர்த் தையலே போடலாம்.