பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடுவது எப்படி?

எங்கள் ஊர் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நானும் ஒரு உறுப்பினர். முதல் மூன்று கூட்டங்களில் டீ குடித்தேன், கையெழுத்துப் போட்டேன், வீட்டுக்கு வந்தேன். நான்காவதில்தான் விஷயம் பிடிபட்டது.

பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு, இது வேறு. இது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் வருவது. குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கும் விகிதப்படி இடம் உண்டு. 24 பேர் குழு என்றால் 18 பேர் நம்மவர்கள். கை தூக்கச் சொன்னால் பெரும்பான்மை நம் பக்கம்தான்.

படி 1: போய்ப் பார்த்து எண்ணுங்கள். "கழிப்பறை சரியில்லை" என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள், அதோடு முடிந்துவிடும். "மாணவியர் கழிப்பறையில் ஐந்து கதவு, மூன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. பிள்ளைகள் ஒருத்திக்கு ஒருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்" என்று சொல்லுங்கள்.

படி 2: இரண்டு நாள் முன்னதாகவே தலைமை ஆசிரியரிடம் சொல்லிக் கூட்டப்பொருளில் சேர்த்துவிடுங்கள்.

படி 3: கூட்டத்தில் பேசி முடிவெடுங்கள். வாட்ஸ்அப்பில் ஓட்டு வைப்பது எனக்குப் பிடிக்காது. எங்கள் குரூப்பில் உறுப்பினர்கள் அம்மாக்கள், இருந்த நம்பர்களோ அப்பாக்களுடையவை. ஒருமுறை ஓட்டு வைத்தோம். பாதிப் பேருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியவில்லை.

படி 4: நான் சறுக்கிய இடம் இதுதான். கூட்டம் முடிந்ததும் பதிவேட்டை நீட்டுவார்கள். மேலே தேதி மட்டும் இருக்கும், கீழே நம் கையெழுத்துக்கு வரிசையாக எண் போட்டிருக்கும், நடுவில் வெள்ளைத்தாள். "அப்புறம் எழுதிக்கிறேன்மா" என்றார் சார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்று போட்டுவிட்டேன். அடுத்த மாதம் புரட்டிப் பார்த்தால், "கழிப்பறை வசதிகள் குறித்து விவாதிக்கப்பட்டது." அவ்வளவுதான்.

சார் மேல் தப்புச் சொல்ல மாட்டேன், அவருக்கு ஆயிரம் பதிவேடு. ஆனால் விவாதிக்கப்பட்டது என்றால் பேசினோம் என்றுதான் அர்த்தம். யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. "தீர்மானிக்கப்பட்டது" என்ற சொல் வேண்டும். கூடவே என்ன வேலை, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று மூன்றும் வேண்டும். இப்போதெல்லாம் வாசகத்தை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதியே கொண்டுபோகிறேன். அங்கேயே பதிவேட்டில் ஏற்றி, ஒருவர் உரக்க வாசித்த பிறகுதான் கையெழுத்து. வாசிக்கத் தெரியாத உறுப்பினர்களும் காதால் கேட்டுவிடுகிறார்கள்.

படி 5: அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய வேலை என்றால் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். சட்டத்தின் 22-ஆம் பிரிவுப்படி அதைத் தயாரிப்பதே இந்தக் குழுதான்.

பின்சேர்க்கை: "கூலி வேலைக்குப் போகும் அம்மாக்கள் வருவதே இல்லையே, என்ன செய்ய?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். எங்களுக்கும் அதே கதைதான். கூட்டம் மூன்று மணிக்கு இருந்தது. அதற்காக வந்தால் அரைநாள் கூலி போய்விடும். நேரத்தை நாலரைக்கு மாற்றச் சொல்லி ஒரு தீர்மானம் போட்டோம். அடுத்த கூட்டத்துக்கு ஆறு பேர் கூடுதலாக வந்தார்கள், களையெடுத்த கையோடு. தாழ்ப்பாள் விஷயத்தை மறுபடி எடுத்தது அவர்கள்தான்.