வேலைக்குப் போகும் குடும்பம் யூனிவர்சல் கிரெடிட் கேட்பது எப்படி?

"நாமதான் வேலைக்குப் போகிறோமே, நமக்கு எங்கே கிடைக்கப்போகிறது?" என்று நாங்கள் ஒரு வருடம் விண்ணப்பிக்காமலே இருந்துவிட்டோம். பிரிட்டனில் சம்பளம் பற்றாத குடும்பங்களுக்கும் யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசின் மாதாந்தர உதவித்தொகை உண்டு. பிள்ளைகள் இருந்தால், சம்பளத்தில் ஒரு தொகையைத் தொடாமல் விடுவார்கள். அதற்கு மேல் கைக்கு வரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் உதவித்தொகையில் 55 பென்ஸ் குறையும்.

முதல் படி, விசா. உங்களுக்கோ துணைக்கோ அரசு உதவி பெறக்கூடாது என்ற நிபந்தனை இருந்தால், குடிவரவு ஆலோசகரிடம் கேட்காமல் விண்ணப்பிக்காதீர்கள். விசாவுக்கே சிக்கல் வரலாம். இருவர் சேமிப்பும் சேர்ந்து 16,000 பவுண்டைத் தாண்டினாலும் பொதுவாகக் கிடைக்காது.

இரண்டாவது, கணக்கு. அரசின் இணையதளத்தில் இருவரும் தனித்தனியே கணக்கு திறந்து, ஒருவருக்கு வரும் இணைப்புக் குறியீட்டை மற்றவர் பதிய வேண்டும். வாடகை ஒப்பந்தம், வங்கி விவரம், அடையாள ஆவணங்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, தேதிகள். எங்களுக்கு யாரும் சொல்லாதது இதுதான். விண்ணப்பித்த நாளிலிருந்துதான் உங்கள் கணக்கு மாதம், அதாவது உங்கள் சம்பளத்தைப் பார்த்து உதவித்தொகையைக் கணக்கிடும் மாதம், ஓடும். 12ஆம் தேதி விண்ணப்பித்தால், அடுத்த மாதம் 11 வரை. என் கணவருக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம். மார்ச் 12இல் ஒன்று, ஏப்ரல் 9இல் இன்னொன்று. இரண்டும் ஒரே கணக்கு மாதத்தில் விழுந்து, அந்த முறை உதவித்தொகை பாதிக்கும் கீழே போய்விட்டது. தவறு நடந்துவிட்டதென்று இரவெல்லாம் தூங்கவில்லை. தவறில்லை. வருடத்துக்கு 13 சம்பளம் வருவதால் ஏதாவது ஒரு மாதம் இப்படித்தான் ஆகும். அது எந்த மாதம் என்று காலண்டரில் இப்போதே வட்டமிட்டு, அந்த மாதத்தின் இரண்டாவது சம்பளத்தில் வாடகையை எடுத்து வைத்துவிடுங்கள்.

மாதச் சம்பளக்காரருக்கு விடுமுறையால் சம்பளம் முன்கூட்டியே வந்து, ஒரே கணக்கு மாதத்தில் இரண்டு சம்பளம் விழுந்தால், ஜர்னலில் (உங்கள் இணையக் கணக்கில் அலுவலகத்துக்குச் செய்தி எழுதும் பகுதி) எழுதி அடுத்த மாதத்துக்கு மாற்றச் சொல்லலாம்.

முதல் பணம் வர ஐந்து வாரம் ஆகும். அதுவரை சமாளிக்க முன்பணம் கேட்கலாம், ஆனால் அது கடன். பின்னால் மாதாமாதம் பிடிப்பார்கள். தேவையான அளவு மட்டும் கேளுங்கள்.

அப்புறம் குழந்தைப் பராமரிப்புச் செலவு. இருவரும் வேலை செய்தால், உச்சவரம்புக்கு உட்பட்டு, 85 சதவீதம் வரை திரும்பக் கிடைக்கும். முதலில் நீங்கள் கட்ட வேண்டும், பிறகு ரசீதை ஏற்ற வேண்டும். எங்கள் முதல் ரசீதில் பராமரிப்பாளரின் பதிவு எண் இல்லை. திருப்பிக் கேட்டார்கள். பெயர், பதிவு எண், தேதி, தொகை நான்கும் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். கட்டிய கணக்கு மாதத்துக்கு அடுத்த கணக்கு மாதம் முடிவதற்குள் தெரிவித்துவிடுங்கள்.

மாதாந்தர அறிக்கை வந்ததும் அதையும் பே ஸ்லிப்பையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தொகை பொருந்தவில்லையா? ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தொலைபேசியில் பேசினாலும், பேசியதை அன்றே ஜர்னலிலும் எழுதிவிடுங்கள்.